செடி டாக்டரின் ஒரே மருந்து

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் செடி டாக்டர் என்றுதான் சொல்வார்கள். பட்டத்தைக் கொடுத்தது அவர்கள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா. வாங்கிக்கொண்டவருக்குக் கூச்சம் என்பது பிறவியிலேயே கிடையாது என்பதால் அன்றைக்கே அது அவரோடு ஒட்டிக்கொண்டது. நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் பாடம் நடத்துகிறவள். இந்த மனிதரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது சொல்ல வேண்டும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். முகச்சவரம் ஒழுங்காகச் செய்துகொள்வார்.

டாக்டராவதற்கு முன்னால் அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றார். பையில் இரண்டு கண்ணாடி டம்ளர், இரண்டு ஜோடி இரும்புக் கம்பி, ஒரு பிளக். ஒரு டம்ளரில் அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் மெஷின் தண்ணீர். கம்பிகளை உள்ளே விட்டு சுவிட்சைப் போட்டால் குழாய்த் தண்ணீர் பழுப்பாகப் பொங்கிவரும், அவருடையது தெளிவாக நிற்கும். "இதைத்தான் நீங்க குழந்தைக்குக் குடுக்குறீங்க" என்று அந்தப் பழுப்பைக் காட்டி உச்சுக்கொட்டுவார். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கரைந்து வந்த கம்பித் துரு. உப்பு நீங்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது, அதனால் அதில் கம்பி கரையவில்லை. ஒருநாள் அவர் வீட்டிலேயே இதைச் சொன்னேன்.

"அப்படியா மச்சினி? எனக்குத் தெரியாதே" என்றார், டம்ளரைத் துடைத்துக்கொண்டே. மறுநாள் காலையில் அதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அந்தக் கம்பெனி மூடிப்போனது. மாமா வீட்டில் உட்கார்ந்தார். அக்கா மருந்துக்கடை கவுன்டரில் நின்று குடும்பத்தை ஓட்டினாள். அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, தெருவில் போகிறவர்களுக்கு டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும், குடையை எப்படி மடிக்க வேண்டும் என்றெல்லாம் மூன்றாம் மாடியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தையல்காரம்மாவின் செடி துவண்டது. அகன்ற இலையும் வெள்ளைப் பூவுமாக, கடை வாசல்களில் எல்லாம் வைத்திருப்பார்களே, அந்தச் செடி. அவள் எங்கேயோ ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அது தொட்டிக்கு வெளியே தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. மாமா இறங்கிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். சாயங்காலத்துக்குள் அது எழுந்து நின்றது. அது எழுந்துதான் ஆகும். ஈரக் காட்டில் மர நிழலில் வளர்ந்த ஜாதி அது. இலையில் கெட்டியான தோல் கிடையாது, தண்டில் சேமிப்பு கிடையாது, தண்ணீரின் அழுத்தத்தில்தான் இலையே நிமிர்ந்து நிற்கிறது. தண்ணீர் குறைந்தால் பொத்தென்று விழும், கொடுத்தால் எழும். ஒரு குரங்கு ஊற்றியிருந்தாலும் எழுந்திருக்கும்.

"நீங்க டாக்டர்தான், போங்க!" என்றாள் தையல்காரம்மா.

இப்படியாக ஒரு மருத்துவர் உருவானார்.

அக்கா வீடு இரண்டே அறை. முன்னறை முழுக்க நோயாளிகள் வந்துவிட்டார்கள். டி.வி. மேல் மணி பிளாண்ட், சோபாவில் பன்னீர் ரோஜா, குளியலறைத் தரையில் கற்றாழை வரிசை. குளிக்கப் போகிறவர்கள் காலைப் பார்த்து வைக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே மருந்து, தண்ணீர். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு, ஊற்றும்போது இரண்டு வார்த்தை கொஞ்சல். தண்ணீர் இல்லாமல் துவண்ட செடி பிழைத்தது. தண்ணீர் அதிகமாகித் துவண்டதும் துவண்ட செடிதானே? வேர் மூச்சுமுட்டி அழுகினால் தண்ணீரை இழுக்க முடியாது. மேலே இலை தாகத்தில் தொங்குகிற மாதிரியே தொங்கும். டாக்டர் அதற்கு இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார். அது சாகும்.

செத்தால் அவரிடம் பதில் தயாராக இருந்தது. "போன வாரமே கொண்டு வந்திருக்கணும் நீங்க. ரொம்ப முத்திப்போச்சு." செடியைப் பறிகொடுத்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட, "அடப்பாவி, நீதானே கொன்ன?" என்று கேட்கவில்லை. ஊர் ஜனங்களின் புத்தியைப் பற்றி எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்த முன்னறையில்தான் போனது.

அப்புறம் போனில் வீடியோ போட ஆரம்பித்தார். செடியின் காதில் பேசுவது எப்படி என்று ஒரு வீடியோ. செடிக்குக் காது எங்கே இருக்கிறது என்று அதில் சொல்லவில்லை. அதற்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். பிறகு சின்னச் சின்னக் கள்ளிச்செடிகளை வாங்கி, உச்சியில் காகிதப் பூவைப் பசையால் ஒட்டி, "என் குரல் கேட்டுப் பூத்தது" என்று விற்றார். மற்றவர்கள் மனுஷன் காதில்தான் பூ சுற்றுவார்கள். இவர் செடியையும் விடவில்லை.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். அவள் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு இவர் பின்னால் தொட்டி தூக்கினாள். மண் கலப்பது, மாடிக்கும் கீழுக்கும் சுமப்பது, அழுகினதை யாரும் பார்ப்பதற்குள் குப்பையில் சேர்ப்பது எல்லாம் அவள் வேலை. பேசுவது அவர் வேலை. "ஏன்டி இப்படி?" என்று கேட்டால், "அவர் சந்தோஷமா இருக்காரு, விடு" என்பாள். படித்த பெண், நாலு மருந்தின் பெயரைத் தூக்கத்தில்கூடத் தப்பில்லாமல் சொல்கிறவள். அவளைப் பார்த்தால் எனக்கு அவர் மேல் வரும் கோபத்தைவிட அதிகமாகவே வரும்.

அந்தச் சமயத்தில் பெரிய ரோட்டில் மூன்று மாடியில் ஒரு ஃபர்னிச்சர் கடை கட்டினார்கள். முதலாளிக்குச் சோபா நுரையின் அடர்த்தி தெரியும். வேறு எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் அவருக்கு அதுவரை வந்ததில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். நுழைந்ததும் ஒரு தோட்டம் தெரிய வேண்டும், கட்டடத்துக்குள்ளேயே. மாமா அங்கேயே, நின்ற இடத்திலேயே, ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்து சொல்லிவிட்டார். அதற்கு "ஒரே குடும்பம்" என்று பெயரும் வைத்துவிட்டார்.

வேலை முடிகிற நேரத்தில் அக்கா என்னைப் பார்க்க வரச் சொன்னாள். போனேன். கண்ணாடிச் சுவர் வைத்த ஒரே சிமென்ட் தொட்டி. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற தூண் கள்ளி. அதைச் சுற்றிப் பெரணி. முன்பக்கம் பள்ளமாக்கித் தண்ணீர் தேக்கி ஆம்பல். மூன்றுக்கும் போகிற மாதிரி ஒரே ரப்பர் குழாய். அக்கா முழங்கால் வரை சேற்றில் நின்று பெரணி நட்டுக்கொண்டிருந்தாள். மாமா போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா, இது மூணும் ஒரே தொட்டியிலயா?" என்றேன்.

"அதான் மச்சினி விசேஷமே. மனுஷங்கதான் தனித்தனியா பிரிஞ்சு கிடக்கோம். செடிங்களாவது ஒத்துமையா இருக்கட்டுமே."

முதலாளி பக்கத்தில் நின்று தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கள்ளிக்கு ஏன் இலை இல்லன்னு தெரியுமா உங்களுக்கு? இலை வச்சா அது வழியா தண்ணி போயிடும். அதனால இலையே முள்ளாயிடுச்சு. தண்டுலயே பச்சை, அதுக்கு மேல மெழுகு. மூச்சு விடுற துளையைக்கூட வெயில்ல மூடி வச்சிட்டு, ராத்திரி குளிர்ந்த பிறகுதான் திறக்கும். ஒரு சொட்டு வெளிய விடாத கஞ்சம் அது. ஆம்பலுக்குத் தண்ணி ஒரு பிரச்சனையே இல்ல, அதுக்குக் காத்துதான் தட்டுப்பாடு. சேத்துக்குள்ள இருக்கிற வேருக்குக் காத்து போகணும்னு காம்பு பூரா குழல் குழலா ஓட்டை. துளையெல்லாம் இலைக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம்தான் தண்ணியில கிடக்குதே. கள்ளி வேர்ல அந்தக் குழல் கிடையாது மாமா. நனைஞ்சுக்கிட்டே நின்னா மூச்சுமுட்டிச் சாகும்."

"அது புத்தகத்துல இருக்கிறது" என்றார் சிரித்துக்கொண்டே. "எல்லாம் பழக்கம்தான் மச்சினி. கல்யாணத்துக்கு முன்னாடி நான் காபிதான் குடிப்பேன். உங்க அக்கா டீ போட்டா. பழகிக்கலையா?"

"நீங்க பழகிக்கலாம். கள்ளி அப்படிப் பழகி வந்ததில்ல. தண்ணியைச் சேத்து வைக்கத் தெரியாததெல்லாம் செத்து, சேத்து வச்சது மட்டும் பொழைச்சு, அதோட பிள்ளை, பேரப்பிள்ளைன்னு எத்தனையோ ஆயிரம் தலைமுறை போயிருக்கு. நீங்க திறப்பு விழாவுக்குள்ள அதை மாத்திடுவீங்களா?"

"அன்பு இருந்தா முடியும்."

"அருமையா சொன்னீங்க டாக்டர்" என்றார் முதலாளி.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பெரணிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். கேட்காத மாதிரி இருந்தாள். ஆனால் அவள் கை கொஞ்ச நேரம் கள்ளியின் அடித்தண்டிலேயே நின்றதை நான் கவனித்தேன்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதுதான் நடந்தது. கடைக்குள் ஏ.சி., தலைக்கு மேல் பளீரென்று விளக்கு. பெரணியின் இலை மெல்லிசு, மெழுகு கிடையாது. அதற்கு வேரில் தண்ணீர் போதாது, சுற்றியிருக்கிற காற்றிலேயே ஈரம் வேண்டும். ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி மொறுமொறுத்தது. டாக்டர் குழாயை இன்னும் திறந்துவிட்டார். பெரணி காய்ந்துகொண்டேதான் இருந்தது. கள்ளிதான் குடித்தது. அதன் உடம்பில் மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக வரிகள் இருக்குமே, அது அழகுக்கு இல்லை. மழை கிடைக்கும்போது விரிந்து நிரப்பிக்கொள்ளவும், வறட்சியில் சுருங்கிக்கொள்ளவும் ஏற்பட்டது. என்றைக்காவது ஒருநாள் பெய்கிற மழைக்கான ஏற்பாடு. தினமும் மழை பெய்தால் எத்தனை தூரம் விரியும்? மடிப்பெல்லாம் போய் மொழுமொழுவென்று உருண்டு நின்றது.

"எப்படிக் கொழுத்திருக்கு பாரு, பூரிப்புல" என்றாராம் மாமா.

பிறகு ஒரு பக்கம் வெடிப்பு விட்டது. அதில் பச்சை டேப் ஒட்டினார். அக்கா அடித்தண்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, உள்ள கொழகொழன்னு இருக்குங்க. வாடை வேற வருது" என்றாள். "வாய வச்சிக்கிட்டு சும்மா இரு, விழா நேரத்துல" என்று சொல்லிவிட்டு, அடியைச் சுற்றி வெள்ளைக் கூழாங்கல்லைக் குவித்து மூடச் சொன்னார். குவித்தாள். அதையும் செய்தாள்.

திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். தோட்டத்துக்கு நேர் முன்னால் வெண்ணெய் நிறத்தில் ஒரு சோபா. சிறப்பு விருந்தினர் உட்காருவதற்காக. அவர் இன்னும் வரவில்லை. வரும்வரை கூட்டத்தைக் கட்டிப்போட மாமாவிடம் மைக்கைக் கொடுத்திருந்தார்கள். பேச்சுதான் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆயிற்றே. செடிகளின் ஒற்றுமை, மனித குலம், அன்பு, நாளைய உலகம் என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தார். கூட்டம் கைதட்டியது.

"இந்தக் கள்ளியைப் பாருங்க! பாலைவனத்துல தனியா, தாகத்தோட நின்ன ஜீவன். இன்னைக்கு..."

கள்ளி அசைந்தது. டேப் பிய்ந்துகொண்டு வருகிற சத்தம் எனக்கே கேட்டது. கூழாங்கல் ஒன்றிரண்டு உருண்டு தரையில் விழுந்தது. பார்ப்பவர்களுக்கு ஓடுவதற்கு நேரம் கொடுத்துத்தான், நிதானமாகத்தான், சாய்ந்தது. எல்லாரும் ஓடினார்கள். மாமா மட்டும் மைக்கைப் போட்டுவிட்டு அதைத் தாங்கப் போனார். அன்பினால் இல்லை, மானம் போகிறதே என்று. இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்தார்.

முள்ளோடு சேர்ந்து அவரும் சோபாவில் விழுந்தார். அடித்தண்டு உடைந்து பழுப்புக் கூழ் கொட்டியது. அந்த நாற்றத்தில் மூன்றாம் மாடிக்குப் போன ஆட்கள்கூட இறங்கி வாசலுக்கு வந்துவிட்டார்கள். வாசலில் சிறப்பு விருந்தினர் காரைவிட்டு இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் ஏறினார்.

கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறையில் மாமாவை உட்காரவைத்து, சட்டையைக் கழற்றி, அக்கா ஒரு இடுக்கியால் முள் எடுத்தாள். மார்பு, தோள், உள்ளங்கை, சோபாவில் உருண்டதில் முதுகு என்று உடம்பெல்லாம் முள். அவர் ஒவ்வொன்றுக்கும் கத்தினார். ஒரு மணி நேரம் போல அவள் குனிந்த தலை நிமிராமல் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது முதலாளி உள்ளே வந்தார்.

"என்ன டாக்டர் இது? யார் பண்ண வேலை இது?"

மாமாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "நான் என்ன சார் பண்றது? குழாயை மூடுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். இவதான் மறந்துட்டா. செடியைப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நிமிர்ந்தாள். இவ்வளவு வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. கோபம்கூட இல்லை. காலாவதி ஆன மருந்தை அலமாரியில் பார்த்தால் ஒரு பார்வை பார்ப்பார்களே, அப்படி. இடுக்கியை அவர் உள்ளங்கையில், முள் இருந்த இடமாகப் பார்த்து, வைத்தாள்.

"மீதியை நீங்களே எடுத்துக்குங்க" என்றாள்.

"ஏய், முதுகுல இருக்குடி! முதுகுல எப்படி எடுக்கிறது?"

"அன்பு இருந்தா முடியும்."

வெளியே வந்தவள் நேராக வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கடைத் தச்சரிடம் ரம்பம் கேட்டு வாங்கினாள். விழுந்து கிடந்த கள்ளியின் கூழான பாகத்தை விட்டு மேலே ஒரு இடத்தில் அறுத்தாள். வெட்டின பரப்பின் நடுவில் பழுப்புப் புள்ளி தெரிந்தது. இன்னும் மேலே அறுத்தாள். அங்கும் ஒன்று இருந்தது. மறுபடியும் அறுத்தாள். கடைசியில் வெள்ளரிக்காய் உள்ளே இருப்பது போல வெளிறின பச்சையாக, சுத்தமாக வந்தது. மிஞ்சியது இடுப்பு உயரம். அதைச் சோபா நுரையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "உன் வீட்டுக்குப் போலாம்" என்றாள் என்னிடம்.

என் வீட்டு நடையில் சுவரோரம் அது படுத்துக் கிடந்தது. மண் இல்லை, தொட்டி இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெட்டுவாய் முதலில் ஈரமாக இருந்து, பிறகு தோல் கட்டி, கடைசியில் பழைய செருப்பின் அடி மாதிரி காய்ந்தது. மாமா தினமும் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாள்.

"அதுக்குத் தண்ணி ஊத்துனியா இல்லையா?"

"வேரே இல்ல. எதுக்குத் தண்ணி?"

"கல்நெஞ்சக்காரி. தாகத்துல செத்துடும்டி அது."

"உள்ள வச்சிருக்கு. தாங்கும்."

தாங்கியது. உடம்பு கொஞ்சம் சுருங்கி, காணாமல் போன மடிப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. அக்கா அதைக் கரடு மணலில் நிறுத்தி, மூன்று குச்சி முட்டுக் கொடுத்தாள். ஒருநாள் அதை லேசாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது அசையவில்லை. மணலைக் கிளறிப் பார்த்தாள். வேர் ஆழமாகப் போகாமல் மேலாக, நாலா பக்கமும் பரவியிருந்தது. அதன் வழக்கமே அதுதான், மழை நனைக்கிற மேல்மண்ணை விடாமல் பிடிப்பது. அன்றைக்குத்தான் அதற்கு முதல் தண்ணீர் ஊற்றினாள், அதுவும் ஒரு டம்ளர். பழையபடி மருந்துக்கடைக்கும் போக ஆரம்பித்திருந்தாள்.

பிறகு மாமா வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்கள் இந்தக் கதையை இதுவரை கவனமாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். "வீட்ல ஒரு பொருளும் வச்ச இடத்துல இல்ல" என்றார். இதுதான் அவருக்கு வந்த சமாதானப் பேச்சு. அக்கா போய்விட்டாள். ஆம், போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் வாசல் வரைகூடப் போகவில்லை. ஆனால் போகும்போது அவரிடம் அவள் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

"மொட்டைமாடிச் சாவி என்கிட்ட இருக்கும். அங்க வைக்கிற எதையும் நீங்க தொடக்கூடாது."

"பாக்கலாமா?"

"கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்க."

இப்போது அந்த மாடியில் கள்ளி, கற்றாழை ஜாதியாக வரிசை வரிசையாக வைத்திருக்கிறாள். சாயங்காலம் மருந்துக்கடை முடிந்து வந்து பார்த்துக்கொள்கிறாள். ஈரம் கேட்கிறவை நிழல் வலைக்குக் கீழே தனியாக. ஒரு தொட்டித் தண்ணீர் பக்கத்துத் தொட்டியில் சொட்டாது. செடி வாங்க வருகிறவர்களிடம் எப்போது ஊற்றக்கூடாது என்பதைத்தான் முதலில் சொல்கிறாள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்டுவிட்டு, கீழே இறங்கும்போது டாக்டரிடம் ஒரு தடவை சந்தேகம் கேட்டுக்கொண்டு போகிறார்கள். இந்த ஜனங்களை என்ன செய்வது?

டாக்டருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு எதுவும் ஆவதில்லை. போன மாதம் நாற்காலி ஒன்று வாங்க அந்த ஃபர்னிச்சர் கடைக்குப் போனேன். சிமென்ட் தொட்டியில் இருந்ததையெல்லாம் அள்ளிப்போட்டுவிட்டு முதலாளி பிளாஸ்டிக் செடிகளாக வைத்துவிட்டார். பிளாஸ்டிக் பெரணி, பிளாஸ்டிக் ஆம்பல், நடுவில் தூசி படிந்த பிளாஸ்டிக் கள்ளி. அவற்றைப் பராமரிக்கிற வேலை யாருக்குக் கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் தண்ணீர் பாட்டிலோடு ஏணியில் நின்று இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு அம்மா அவரிடம் போன் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஏணியிலிருந்து குனிந்தார்.

"பாத்தியா மச்சினி? நான் கையில எடுத்ததுலேருந்து ஒரு இலை உதிரல."